பரிவட்டத்துக்குக் காத்திருந்த தலை

மிராசுதார் ஆபத்சகாயத்தின் மகன் வாய்க்காலில் மூழ்கியபோது, குதித்துத் தூக்கியவள் வாத்து மேய்க்கும் சிறும்பாயி. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "ஐயா, நாங்க குறுக்கால போக உங்க தோப்புக் கதவைத் திறந்து விடுங்க. எங்க தெருவுல பிரசவ வலி கண்டவளைக்கூட ஊரைச் சுத்தித்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம்."

மிராசுதாருக்குத் தவில் மாதிரிக் குரல். "அடியேய்! நல்லது செஞ்சிட்டுக் கூலி கேக்குறியே, வெக்கமா இல்ல? பலனை எதிர்பார்த்தா அது புண்ணியமே இல்ல!" என்று டமடமத்தார். பிள்ளையின் உயிரை மீட்டவளுக்கு இதுதான் பதில், கேளுங்கள்!

மறுவாரம் தேர்த்திருவிழா. தேருக்குப் புது வடம் கொடுத்தவர் அவர். முதல் மரியாதைக்குத் தலையை நீட்டிக்கொண்டு நின்றார். குருக்கள் பரிவட்டத்தை எடுத்ததுதான் தாமதம், கூட்டத்திலிருந்து சிறும்பாயி கத்தினாள்.

"சாமி, நிறுத்துங்க! அதைக் கட்டினா ஐயாவோட புண்ணியம் போயிரும். அவரே சொன்னாரு!"

குருக்களின் கை அந்தரத்தில் நின்றது. ஊர் சிரித்தது.

"கட்டுமய்யா!" என்று அலறினார் மிராசுதார். "நல்லது செஞ்சவன் மரியாதையை எதிர்பார்க்கிறதுல என்ன தப்பு?"

"ஒரு தப்பும் இல்லைங்க," என்று கையை நீட்டினாள் சிறும்பாயி. "தோப்புச் சாவி?"

அத்தனை கண்ணும் சாவிக்கொத்து தொங்கிய அவர் இடுப்பைப் பார்த்தன. சாவி கைமாறிய பிறகுதான் பரிவட்டம் தலைக்கு ஏறியது.