ஓணான் குனிந்து பார்த்தது

மரமும் செடியும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், யார் யாருக்குச் சொந்தம் என்று முடிவு செய்யும் பொறுப்பு ஓணானிடம் இருந்தது. அது பாறைமேல் நிமிர்ந்து உட்கார்ந்து, உயரத்தை வைத்தே எல்லோரையும் பிரித்தது. நெட்டையாக இருந்தால் மரக் குடும்பம், ஓடைக்கரையில் இடம். குட்டையாக இருந்தால் புல் குடும்பம். மாடுகள் நடக்கும் பாதையில் இடம்.

ஒரு காலையில், நெல்லி மரத்தடியில் சாண் உயரச் செடி ஒன்று நிற்பதை ஓணான் பார்த்தது.

"உன் இடம் பாதையில். கிளம்பு" என்றது.

"மாடு மிதித்துவிடும் அண்ணே. நான் நெல்லிக்குச் சொந்தம்" என்றது செடி.

பக்கத்துப் பனைமரம் ஓலை சலசலக்கச் சிரித்தது. "ஆமாம், நான்கூட யானைக்குத் தம்பிதான்."

நெல்லி சிரிக்கவில்லை. "இவள் இலையும் என் இலை மாதிரியே இருக்கிறது, ஓணான். கொஞ்சம் பொறு."

"இலையை வைத்தெல்லாம் சொந்தம் சொல்ல முடியாதம்மா. உயரம்தான் கணக்கு."

தூரத்தில் மாட்டு மணி கேட்டது.

"மேலே இருந்து பார்த்தால் என்ன தெரியும் அண்ணே?" செடியின் குரல் நடுங்கியது. "ஒரே ஒரு தடவை என் இலைக்கு அடியில் பாருங்கள்."

ஓணான் அதுவரை யாருக்காகவும் தலை தாழ்த்தியதில்லை. ஆனால் அந்த நடுக்கம் அதை என்னவோ செய்தது. இறங்கி வந்து குனிந்தது.

இலைக்கு அடியில் ஒரு பனித்துளி தொங்கியது. அதன் வழியே பார்த்தபோது, கடுகளவுக் காய்கள் பெரிதாகத் தெரிந்தன. ஓணான் தலையைத் தூக்கி நெல்லிக் கிளையைப் பார்த்தது. தாழ்த்திச் செடியைப் பார்த்தது. மறுபடியும் தூக்கியது.

"அதே காய்தான். அளவுதான் சின்னது" என்று முணுமுணுத்தது. "நான் போட்ட கணக்குத் தப்பு. நெல்லியம்மா, இவள் உன்னோடு இருக்கட்டும்."

"இலைக்குக் கீழே காய்க்கிறவள். இவளைக் கீழாநெல்லி என்று கூப்பிடுவேன்" என்று நெல்லி தன் கிளையைச் செடிமேல் நிழலாகச் சாய்த்தது. மாடுகள் பாதையோடு போய்விட்டன.

"அப்படியானால் நான் யாருக்குச் சொந்தம்?" என்றது பனை.

ஓணான் அதை மேலும் கீழும் பார்த்தது. "கிளையே இல்லாத உன் தண்டையும் புல்லின் தண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."

பனை அவசரமாகத் தன் ஓலையால் தண்டை மறைத்துக்கொண்டது.

எதைக் கண்டாலும் ஓணான் தலையைத் தூக்கித் தூக்கித் தாழ்த்துவது அன்று முதல்தான். தான் சொன்னது சரிதானா என்று அது இன்னமும் பார்த்துக்கொண்டிருக்கிறது.