கண்ணை மூடிப் பாடிய பாட்டு

நெடுங்குளத்துக் கரையில், கோரைப் புதருக்குள் சம்புக்கோழி என்கிற நீர்ப்பறவை ஒன்று குடியிருந்தது. அதற்கு நாலு குஞ்சுகள். கடைசிக் குஞ்சின் நெற்றியில் சிவப்பாக ஒரு புள்ளி இருந்ததால் அதற்குப் பொட்டு என்று பேர்.

சம்புக்கோழி பயந்த சுபாவம். நாலு பேர் கூடின இடத்தில் பேச வேண்டி வந்தால் அதற்குத் தொண்டை காய்ந்து போகும். வாயைத் திறந்தால் "க்" என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். ஆனால் தன் புதருக்குள் அது நன்றாகப் பாடும். பொழுது சாயும்போது குஞ்சுகளை உள்ளே கூப்பிட ஒரே பாட்டைத்தான் பாடும்.

"முன்னாடி வர்றது யாரு?"

"நான்தான், கருப்பி!"

"கடைசியில வர்றது யாரு?"

"நான்தான், பொட்டு!"

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு!"

இது சம்புக்கோழி கட்டின பாட்டு இல்லை. அந்தக் குளத்து மிருகங்கள் எல்லாருக்கும் சொந்தமான பாட்டு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவை எல்லாம் வேறொரு குட்டையில் இருந்தன. அந்தக் குட்டை வற்றிப்போச்சு. தண்ணீர் தேடி எல்லாம் சேர்ந்து நடந்தன. வழியெல்லாம் புழுதிக்காற்று. முன்னால் போகிறவர் வால்கூடத் தெரியவில்லை. யாரும் தொலைந்துவிடக் கூடாதே என்று எருமை முதலில் குரல் கொடுத்தது. ஒவ்வொருவராகப் பதில் குரல் கொடுத்தார்கள். எருமை, முயல், தவளை, மயில், கடைசியில் ஆமை. அப்படியே அது பாட்டாகிவிட்டது. ஒருத்தர்கூடக் குறையாமல் எல்லாரும் நெடுங்குளம் வந்து சேர்ந்தார்கள். எருமை தலைவர் ஆனார்.

ஒரு நாள் மேற்குக் காட்டு நாரைகள் விருந்துக்கு வந்தன.

"உங்க நாட்டுப் பாட்டைப் பாடுங்க, கேட்போம்!" என்றது மூத்த நாரை.

நெடுங்குளத்தார் சந்தோஷமாக நடைப்பாட்டைப் பாடினார்கள். நாரைகள் சிரித்த சிரிப்பில் அவற்றின் கால் மடங்கிப் போயிற்று.

"இதுவா நாட்டுப் பாட்டு? ஆள் கணக்கு எடுக்கிற மாதிரி இருக்கே! எங்க பாட்டைக் கேட்டா மலையே தலை குனியும்!"

எருமைக்கு முகம் தொங்கிவிட்டது. நாரைகள் போனதும் கூட்டம் போட்டார்.

"நமக்கும் ஒரு நல்ல பாட்டு வேணும். மயிலு, நீதான் எழுதணும்!"

மயில் ஏழு நாள் சாப்பிடாமல் எழுதியது. அதன் மனசில் கள்ளம் கிடையாது. இந்தக் குளத்தின்மேல் அதற்கு அவ்வளவு ஆசை.

"எட்டுத் திசையும் ஏத்தும் எங்கள் நெடுங்குளமே! அல்லி பூத்த அன்னையே, அவனி வணங்கும் உன்னையே!"

"அவனின்னா யாரு? நம்ம ஊர்க்காரனா?" என்றது தவளை.

"உலகம்டா மண்டு!" என்றது மயில்.

எல்லாரும் கைதட்டினார்கள். அப்போது கூட்டத்தின் ஓரத்தில் இருந்து காட்டுப்பூனை எழுந்தது. அது அந்த நடையில் வந்ததில்லை. குளம் நிறைந்த பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. குரல் மட்டும் நெய் மாதிரி இருக்கும்.

"தலைவரே, பாட்டு பிரமாதம்! ஆனா நின்னபடி வேடிக்கை பார்த்துக்கிட்டுப் பாடினா அதுக்கு மரியாதையா? எல்லாரும் கண்ணை மூடணும். அசையக் கூடாது. சின்னதுங்க நெளியும், அதுங்களைப் பின்வரிசையில நிறுத்துவோம். கண்ணைத் திறக்கிறவங்க துரோகி! அவங்களுக்கு இந்தக் குளத்துத் தண்ணி கிடையாது!"

"சரிதான்," என்றார் எருமை. "ஆனா எல்லாரும் கண்ணை மூடிட்டா, யாரு திறந்தாங்கன்னு யாரு பார்க்கிறது?"

"அந்தக் கஷ்டத்தை நான் படுறேன், தலைவரே!" என்றது பூனை.

"என்ன மனசு! என்ன மனசு!" என்றார்கள் எல்லாரும்.

"அப்புறம் அந்தப் பழைய பாட்டு, அதை யாரும் பாடக் கூடாது," என்றார் எருமை. "வெளியாளு கேட்டா மானம் போயிடும்."

சம்புக்கோழி மெல்ல எழுந்தது. 'பிள்ளைங்களை எப்படிக் கூப்பிடுறது?' என்று கேட்க நினைத்தது. "க்" என்று மட்டும் சத்தம் வந்தது.

"என்ன சொல்றே?" என்றார் எருமை.

"ஒண்ணுமில்லைங்க," என்று அது தலையைக் குனிந்துகொண்டது.

மறுநாள் காலையில் இருந்து கரையில் பாட்டு தொடங்கிற்று. பெரியவர்கள் முன்வரிசை, குட்டிகள் பின்வரிசை. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு உரக்கப் பாடினார்கள்.

மூன்றாம் நாள் முயலின் குட்டி வெள்ளையனைக் காணோம்.

"பாட்டுக்கு முன்னாடி என் பின்னாலதான் நின்னான்! கண்ணைத் திறந்து பார்த்தா இல்லை!" என்று முயல் அழுதது.

"எங்கேயாவது மேயப் போயிருப்பான்," என்றது பூனை. "நான் கண் கொட்டாமப் பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்? ஒருத்தர்கூட அசையலை!"

குளம் முழுக்கத் தேடினார்கள். கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் தாரா வாத்தின் குஞ்சைக் காணோம்.

பூனை பெருமூச்சு விட்டது. "தலைவரே, மனசுல பட்டதைச் சொல்றேன். நம்ம பக்தி பத்தலை. குளத்தம்மா கோவிச்சுக்கிட்டா. பாட்டுல இன்னும் நாலு அடி சேர்க்கணும்!"

மயில் நாலு அடி சேர்த்தது. பிறகு ஒரு தவளைக் குஞ்சு போயிற்று. மறுபடியும் எட்டு அடி சேர்ந்தது. பாட்டு நீளமாகிக்கொண்டே போனது. பின்வரிசை குட்டையாகிக்கொண்டே வந்தது.

சம்புக்கோழிக்கோ முதல் இரண்டு அடிதான் மனப்பாடம். மற்றது வாயில் நுழையவில்லை. யாராவது கண்டுபிடித்துவிட்டால் அவமானம் என்று, மிச்சப் பாட்டுக்குச் சத்தம் இல்லாமல் அலகை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கும்.

ஒரு நாள் வீட்டுக்குத் திரும்பும்போது பக்கத்தில் நடந்த ஆமையிடம் மெதுவாகச் சொன்னது.

"ஆமை மாமா, எனக்குப் பயமா இருக்கு. நாளைக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரலைன்னா என்ன?"

"வராம இருந்தா அதுவும் துரோகம்னு சொல்லிடுவாங்க, தாயி. இந்தக் குளத்தை விட்டா நாலு குஞ்சோட எங்கே போவே? கோடை வேற ஆரம்பிச்சாச்சு."

ஆமை சொன்னது நிஜம்தான். அடுத்த தண்ணீருக்கு மூன்று நாள் நடை. குஞ்சுகளுக்கு இன்னும் இறக்கைகூட முளைக்கவில்லை.

மறுநாள் காலை பாட்டு ஆரம்பித்தது. எல்லாரும் தொண்டை கிழியப் பாடினார்கள். சம்புக்கோழி கண்ணை மூடி அலகை அசைத்துக்கொண்டு நின்றது. தன் குரல் இல்லாததால் அதன் காதில் மற்ற சத்தமெல்லாம் விழுந்தது. எருமையின் கனத்த குரல். தவளையின் கரகரப்பு. அதற்குள் எங்கேயோ ஒரு சின்ன "கீச்".

அது பொட்டுவின் குரல். ஆனால் பின்னால் இருந்து வரவில்லை. கோரைப் புதர்ப் பக்கம் இருந்து வந்தது.

'கண்ணைத் திறந்தா தண்ணி இல்லை. மூணு குஞ்சும் தாகத்துல செத்துப்போகும்,' என்று ஒரு மனசு சொன்னது. 'திறக்கலைன்னா பொட்டு இல்லை,' என்றது இன்னொரு மனசு.

சம்புக்கோழி கண்ணைத் திறந்தது.

காட்டுப்பூனை பொட்டுவைக் கழுத்தில் கவ்விக்கொண்டு, தண்ணீர் ஓரமாகப் புதரை நோக்கிப் பதுங்கிப் பதுங்கிப் போய்க்கொண்டிருந்தது!

கத்த வேண்டும் என்று சம்புக்கோழி வாயைத் திறந்தது. "க்" என்றுதான் வந்தது. மறுபடி திறந்தது. மறுபடியும் "க்". பூனை புதருக்குப் பக்கத்தில் போய்விட்டது. அப்போது சம்புக்கோழியின் தொண்டையில் இருந்து, தினமும் வந்து பழகின ஒன்று தானாக வந்தது.

"முன்னாடி வர்றது யாருஉஉ?"

பாதிப் பாட்டில் இருந்த எருமை, தன்னை மறந்து பதில் சொன்னார். "நான்தான், எருமை!"

சொன்ன பிறகுதான் அவருக்கே திடுக்கென்றது. ஆனால் அதற்குள் முயல் "நான்தான், முயலு!" என்றது. தவளை சொன்னது. மயிலும் சொன்னது. புழுதிக்காற்றில் உயிரைக் காத்த பாட்டு ஆயிற்றே, அது நாக்கில் ஊறிக் கிடந்தது.

"கடைசியில வர்றது யாருஉஉ?"

"நான்தான், பொட்டு!" என்று கோரைப் புதர்ப் பக்கம் இருந்து நெரிந்த ஒரு குரல் கேட்டது.

எல்லார் கண்ணும் திறந்தது. ஆனால் பூனை அதைக் கவனிக்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு நின்ற சம்புக்கோழிதான் அதற்குத் தெரிந்தது. அவளைத் துரத்திவிட இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா?

"துரோகி! தலைவரே, இவ கண்ணைத் திறந்துட்டா!" என்று கத்திற்று.

கத்த வாயைத் திறந்ததும் பொட்டு "தொப்" என்று தண்ணீரில் விழுந்து, தாயை நோக்கி நீந்தி வந்தது.

எல்லாரும் பூனையைத் திரும்பிப் பார்த்தார்கள். அதன் உதட்டில் பொட்டுவின் பிஞ்சு இறகு இரண்டு, கருப்பாக ஒட்டியிருந்தது.

"கண் கொட்டாமப் பார்த்துக்கிட்டேன்னு சொன்னியே, பாவி!" என்று முயல்தான் முதலில் பாய்ந்தது. முயல் பாய்ந்து யாராவது பார்த்திருக்கிறார்களா? அன்றைக்குப் பார்த்தார்கள். எருமை கொம்பைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். பூனை ஓடின ஓட்டத்தில் இரண்டு காடு தாண்டித்தான் நின்றதாம்.

எருமை சம்புக்கோழியின் முன்னால் வந்து தலையைக் குனிந்தார்.

"நாரை சிரிச்சதுக்கு வெட்கப்பட்டு நம்ம பிள்ளைங்களைப் பறிகொடுத்துட்டேன், தாயி. தப்பு என்னுதுதான்."

மயில் தேம்பித் தேம்பி அழுதது. "என் பாட்டாலதான் எல்லாம்! இனிமே அதை யாரும் பாட வேண்டாம்!"

சம்புக்கோழி பொட்டுவை இறக்கைக்குள் அணைத்துக்கொண்டு நின்றது. எல்லாரும் தன்னையே பார்ப்பது அதற்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் மெதுவாகச் சொன்னது.

"பாட்டு நல்ல பாட்டுதான், மயிலக்கா. அல்லி பூத்த அன்னைன்னு வர்ற இடத்துல எனக்கு மேல் சிலிர்க்கும். நீளம்தான் கொஞ்சம் ஜாஸ்தி. கண்ணைத் திறந்துக்கிட்டுப் பாடினா, அல்லியையும் பார்த்துக்கலாம், பிள்ளைங்களையும் பார்த்துக்கலாம்."

அன்றிலிருந்து நெடுங்குளத்தில் தினமும் இரண்டு பாட்டு. முதலில் மயிலின் பாட்டு, இரண்டே அடி. பிள்ளைகள் பின்னால் இல்லை, நடுவில். அது முடிந்ததும் நடைப்பாட்டு. சம்புக்கோழிதான் எடுத்துக் கொடுக்கும்.

அதன் முடிவில் வெள்ளையன் பேரையும், தாராக் குஞ்சின் பேரையும், தவளைக் குஞ்சின் பேரையும் இன்னும் கூப்பிடுகிறார்கள். அந்தப் பேர்களைக் கூப்பிட்டால் பதில் வராது. அப்போது மட்டும் நெடுங்குளத்தில் யாரும் அசைவதில்லை. அப்படி நில்லுங்கள் என்று யாரும் அவர்களுக்குச் சட்டம் போடவில்லை.

நாரைகள் அடுத்த விருந்துக்கு வந்தபோது இரண்டு பாட்டையும் கேட்டன. சிரிக்கவில்லை. போகும்போது மூத்த நாரை தன் கூட்டத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டது.

நாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு புகழ்வதைவிட, பக்கத்தில் இருப்பவர் பத்திரமாக இருக்கிறாரா என்று கண்ணைத் திறந்து பார்ப்பதே பெரிய நாட்டுப்பற்று.