மன்னர் யோசித்த மலைக்காடு

இது நடந்த கதையா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: நடக்கவில்லை என்று சத்தியம் செய்ய அந்தக் காலத்து ஆள் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை.

திருமேனிவளவன் என்ற மன்னருக்கு எல்லா நல்ல குணமும் உண்டு. மத்தியானச் சாப்பாடு முடிந்தால் மட்டும் ஒன்றும் மிஞ்சாது. சிம்மாசனத்தில் இருந்தபடியே கண் சொக்கும், தலை சாயும், கிரீடம் மூக்குவரை இறங்கும். யாராவது செருமினால் விலுக்கென்று நிமிர்ந்து, "தூங்கவில்லை, யோசித்துக்கொண்டிருந்தேன்" என்பார். சபையும் பலமாகத் தலையாட்டும்.

இந்த யோசனையைக் காசாக்கத் தெரிந்தவர் அமைச்சர் விழுப்பரையர். ஒருநாள் கிரீடம் மூக்கைத் தொடும்வரை பொறுத்திருந்தார். நீலவேணி ஆறு பிறக்கிற மலைக்காட்டை வெட்டிக் கப்பலேற்ற உத்தரவு வேண்டும் என்று மெல்லக் கேட்டார். "ம்" என்றது கிரீடம். மறுநாளே கோடரிகள் மலையேறிவிட்டன. மன்னர் என்ன செய்வார்? தூங்கும்போது கேட்டார்கள் என்று சொன்னால் மானம் போகும். யோசித்துத்தான் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

மேற்குச் சரிவு மொட்டையானது. அடுத்த மழையில் மலை மண்ணெல்லாம் ஆற்றோடு கிளம்பி வந்தது. படித்துறையில் முங்கிய மன்னர் செம்மண் பொம்மையாக எழுந்தார். மழை நின்றதும் தண்ணீரும் நின்றது. தை பிறந்தபோது ஆற்றுக்குள் ஆடு மேய்ந்தது. கடைமடை உழவர்கள் கதிர் தள்ளாத நெற்பயிரைக் கட்டுக் கட்டாகச் சுமந்துவந்து அரண்மனை வாசலில் போட்டார்கள். பட்டத்து யானை ருசித்துத் தின்றது. மன்னருக்குத்தான் சோறு இறங்கவில்லை.

சபையில் இன்ன வேலை என்றில்லாமல் எல்லா வேலையிலும் மூக்கை நுழைத்துக் கிண்டலடிக்கிறவன் நக்கன். அவனும் கடைமடைக்காரன். வாசலில் கிடந்ததில் ஒரு கட்டு அவன் அண்ணன் வயலுடையது. அதைப் பார்த்ததிலிருந்து அவனுக்குக் கிண்டலே வரவில்லை.

மன்னர் அவனைக் கூப்பிட்டார். "கொடுத்த வாக்கும் தவறக்கூடாது. மிச்சமிருக்கிற கிழக்குச் சரிவில் ஒரு மரமும் விழக்கூடாது. வழி சொல்."

விழுப்பரையர் சிரித்தார். வழி கிடைக்காவிட்டால் கிழக்குச் சரிவின் முதல் வெட்டு நக்கன் கையாலேயே விழட்டும் என்றார். நக்கன் சம்மதித்தான்.

அந்த நாட்டில் ஒரு பழைய சட்டம் இருந்தது. மன்னரின் பாட்டனார் படையோடு போனபோது ஒரு மரத்தடியில் கண்ணயர்ந்தாராம். எழுந்து கை கால் கழுவிவிட்டு வருவதற்குள் யாரோ அந்த மரத்தை விறகாக்கிவிட்டானாம். என் பள்ளியறைக் கூரையைப் பிரித்தவன் எவன் என்று குதித்தவர், மன்னர் உறங்கிய நிழலைத் தந்த மரத்தை இனி எவனும் தொடக்கூடாது, தொட்டால் அவன் வீட்டுக் கூரை பிரிக்கப்படும் என்று கல்லில் வெட்டிவைத்தார்.

நக்கன் நேரே மடைப்பள்ளிக்குப் போனான். மறுநாள் மன்னருக்குத் தயிர்ச்சோறும் பால்பாயசமும் தாராளமாக விழுந்தன. போகப்போகிற காட்டைக் கடைசியாக ஒருமுறை பாருங்கள் என்று அவரைப் பல்லக்கில் ஏற்றினான். விழுப்பரையரும் வேடிக்கை பார்க்கக் குதிரையில் பின்னால் வந்தார்.

பல்லக்குத் தூக்கிகளின் தலைவன் சடையன் கேட்டான். "எந்தப் பக்கம் போகட்டும் சாமி?"

"எந்தப் பக்கத்தையும் விடாமல் போ."

போனார்கள். மரத்துக்கு மரம் வளைந்ததில், முன்னால் தூக்கியவர்கள் பின்னால் தூக்கியவர்களின் முதுகைப் பார்த்தார்களாம். பல்லக்குக்குள் எழுந்த குறட்டையைக் கேட்டு, நம் சொந்தக்காரன் வந்திருக்கிறான் என்று ஒரு கரடி குகையைவிட்டு எட்டிப் பார்த்ததாம். நக்கன் பல்லக்கின் திரையோரமாகவே ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நடந்தான்.

மறுநாள் சபையில் அவன் பாட்டனார் சட்டத்தை எடுத்துச் சொன்னான். கிழக்குச் சரிவில் மன்னர் உறங்காத நிழலே இல்லை, சடையனைக் கேளுங்கள் என்றான்.

விழுப்பரையர் காதைப் பொத்திக்கொண்டார். "அபாண்டம். மகாராஜா பகலில் தூங்குவாரா? யோசித்துக்கொண்டிருந்தார். அப்படித்தானே மகாராஜா?"

மன்னர் நெளிந்தார். சபை முழுக்க அவர் முகத்தையே பார்த்தது. "ஆமாம். யோசித்துத்தான்..."

நக்கன் பணிவாகக் குனிந்தான். "பிழை பொறுக்கவேண்டும். விழித்திருந்தீர்கள் என்றால் இன்னும் நல்லது. வழிநெடுக நான் கேட்டதற்கெல்லாம் 'ம்' சொன்னீர்கள். விழுப்பரையரின் தேக்கு மாளிகையைப் பிரித்துக் கடைமடை வீடுகளுக்குக் கதவு போடலாமா என்றேன், 'ம்' என்றீர்கள். மொட்டை மலையில் அவரைக் குடிவைத்துக் காடு வளரும்வரை கன்று நடச் சொல்லலாமா என்றேன், அதற்கும் 'ம்'. இன்னும் இருக்கிறது."

"நாங்க எல்லாரும் கேட்டோம் சாமி," என்றான் சடையன். "கணீர்னு ஒரு ம்."

விழுப்பரையர் துள்ளி எழுந்தார். "மகாராஜா தூங்கினார்," என்று அலறினார். "அசந்து தூங்கினார். குறட்டையில் என் குதிரையே மிரண்டது."

"அப்படியானால் தூக்கத்தில் சொன்ன 'ம்' செல்லாது என்கிறீர்?" என்றார் மன்னர்.

"செல்லவே செல்லாது மகாராஜா."

"அன்றைக்கு நீர் காட்டைக் கேட்டபோதும் நான் இப்படித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், அமைச்சரே."

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் உருண்டு விழுப்பரையர் காலடியில் போய் விழுந்தது. கோடரிகள் அன்றே மலையிறங்கின. இப்போது விழித்துக்கொண்டுதான் சொல்கிறேன் என்று, கன்று நடும் வேலையை விழுப்பரையருக்கே கொடுத்தார் மன்னர்.

சபை கலைந்ததும் அவர் நக்கன் காதருகே குனிந்தார். "உனக்கு மட்டும் சொல்கிறேன். பல்லக்கில் நான் நிஜமாகவே தூங்கவில்லை."

"தெரியும் மகாராஜா," என்றான் நக்கன். "நடுவில் எனக்கு ஒரு யானை பரிசு தரலாமா என்று கேட்டேன். அதற்கு மட்டும் நீங்கள் 'ம்' சொல்லவில்லை."