கெட்டுப்போனா யாருக்கு?

நண்டுத்திட்டில் தான் வந்து இறங்கிய லட்சணத்தை ரத்தினசாமி வெளியே சொல்லிக்கொள்வதில்லை. வள்ளம் ஆடிய ஆட்டத்தில் காலையில் தின்ற இட்லி முழுவதும் கடலுக்குப் போய்விட்டது. தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு வள்ளத்துக்குள் சுருண்டு கிடந்தார். கரை நெருங்கும்போது ஒரு பெண் உரக்க ஏதோ கேட்டாள். உடனே ஊரே சேர்ந்து ஒரே குரலில் கத்தியது.

"என்னப்பா சத்தம்?" என்றார், துண்டை விலக்காமலே.

வள்ளக்காரத் தொம்மை சிரித்தான். "கரை வந்துருச்சு. எறங்குங்க."

யாரோ வள்ளத்தை இழுத்துக் கரையேற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இறங்கினார். பெட்டி, செருப்பு, மூக்குக்கண்ணாடி என்று அவருடைய ஒவ்வொரு சாமானுக்கும் அந்தப் பெண் ஏதோ கேட்டாள்; தலை சுற்றியதில் அப்போது அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அக்கரையில் இருக்கும் டவுனில் அவர் இருபத்தெட்டு வருஷம் துப்புரவு மேஸ்திரி. ஊர்க் குப்பையை லாரி லாரியாகக் கொண்டுபோய் ஒரே இடத்தில் கொட்டிக் கொட்டி, ஒரு மலையையே எழுப்பியவர். ஓய்வு பெற்ற பிறகு அந்த மலையின் புகை அவர் வீட்டுக்கே வந்தது. அதில் இருமி இருமியே மனைவி போய்ச் சேர்ந்தாள். முப்பத்தொரு வீடு உள்ள ஒரு தீவில் குப்பைமேடே கிடையாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார்.

குப்பையில்லாமல் வாழ்வதை யாரிடம் கற்றுக்கொள்வது என்று விசாரித்தார். எல்லோரும் மிக்கேலம்மாளைக் காட்டினார்கள். அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள். மடியில் மீனை வைத்து ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நீங்கதான் எனக்கு குரு" என்றார்.

"முதல்ல மோர் குடிங்கண்ணே. வயிறு காலியா இருக்கும்" என்றாள்.

குடித்துவிட்டுக் கேட்டார். "இந்தத் தீவுல குப்பையெல்லாம் எங்கம்மா போகுது?"

"அடுத்த வியாழக்கிழமை துறைக்கு வாங்க."

வியாழக்கிழமைதான் வள்ளம் சாமான் ஏற்றி வரும். வீட்டுக்கு ஒருவராவது துறையில் நிற்க வேண்டும். தொம்மை ஒவ்வொரு சாமானாகத் தூக்கிக் காட்டினான். மிக்கேலம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"குடை. கெட்டுப்போனா யாருக்கு?"

"கம்பி எனக்கு, மீன் சுட" என்றான் வலை கட்டும் சிலுவை.

"துணி எனக்கு" என்றாள் ஒருத்தி. "முருங்கைக் கன்னுக்கு நெழலு."

குடை இறங்கியது.

"எண்ணெய் டின். கெட்டுப்போனா யாருக்கு?"

"எனக்கு. கோழி அடைக்க."

டின் இறங்கியது. 'எனக்கு' என்று ஒருதரம் வாய்விட்டுச் சொன்னவர், அந்தச் சாமான் உடைகிற அன்றைக்கு அதை வாங்கிக்கொண்டே ஆக வேண்டும். பிறகு முகம் சுளிக்கக் கூடாது. சிலுவைக்கு இதில் ஆசை கொஞ்சம் அதிகம். ஒரு தையல் மெஷினுக்கு முந்திக்கொண்டு சொல்லிவிட்டு எட்டு வருஷமாகக் காத்திருக்கிறான். மெஷின் அவனைவிடத் திடமாக இருக்கிறது.

யாருமே எனக்கு என்று சொல்லாத சாமான் அதே வள்ளத்தில் திரும்பிப் போய்விடும்.

அன்று சாயங்காலம் ரத்தினசாமி கடலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தன் சர்வீஸ் முழுக்கக் குப்பை எங்கே போகிறது என்றுதான் கேட்டிருக்கிறார். வரும்போதே கேட்டிருக்கலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. மனைவியை நினைத்துக்கொண்டார்.

தீவிலேயே தங்கிவிட்டார். கிழிந்த வலையைச் சுரைக்கொடிக்கு வேலியாகக் கட்டினார். மீன் கழிவோடு சாம்பலைக் கலந்து தென்னை மூட்டில் புதைத்தார். ஊரார் அவரை மேஸ்திரியண்ணே என்று கூப்பிட்டார்கள். இந்த வயதில் இப்படி ஒரு வாழ்வா என்று தினமும் யாருக்காவது நன்றி சொல்லத் தோன்றும். யாருக்கென்று தெரியாமல் தென்னைக்குச் சொல்லிவிட்டுத் தூங்கப் போவார்.

நாலாம் மாதம் வலது கை நடுங்க ஆரம்பித்தது.

துண்டுக்குள் கையை மறைத்துக்கொண்டார். டீயை இடது கையில் வாங்கினார். எல்லோரும் எழுந்து போன பிறகு தனியாகச் சாப்பிட்டார். அக்கரைக்குப் போய் டாக்டரைப் பார்த்தபோது, இது கூடிக்கொண்டேதான் போகும் என்று அவர் சொல்லிவிட்டார். விஷயம் தெரிந்ததும் மகன் சொன்னான், "ஒரு ஹோம் பாத்து வச்சிருக்கேம்ப்பா. நல்லா கவனிச்சுக்குவாங்க." முதுகுவலிக்கு ஆகும் என்று ஒரு ஸ்பாஞ்ச் மெத்தையையும் வாங்கிக் கொடுத்தான்.

ஹோமைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்று மெத்தையோடு வள்ளம் ஏறினார்.

"மெத்தை. கெட்டுப்போனா யாருக்கு?" என்று கேட்டாள் மிக்கேலம்மாள்.

ஒருவரும் பேசவில்லை. சிலுவை வாயைத் திறந்தான். யோசித்து மூடிக்கொண்டான்.

மறுபடியும் கேட்டாள். அலை வந்து போனது.

தொம்மை மெத்தையை மறுபடி வள்ளத்திலேயே போட்டான்.

"முதுகு வலிக்குதும்மா" என்றார் ரத்தினசாமி. குரலில் கோபம் இருந்தது.

"தெரியும்ணே. இது கிழிஞ்சா பொடிப்பொடியாக் கடலுக்குப் போகும். மீன் திங்கும். மீனை நாம திங்கணும்."

அவர் குடிசைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். மெத்தை போனதுகூடப் பெரிதில்லை. அந்த மௌனம்தான் நெஞ்சில் நின்றது. யாருக்கும் வேண்டாதது திரும்பிப் போகத்தானே வேண்டும்?

பொழுது சாய்வதற்குள் வாசலில் ஆள் சத்தம் கேட்டது. நாலு பேர் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சட்டம் பழைய வள்ளத்துப் பலகை. பின்னியிருந்த கயிறு பல நிறம்.

"இந்தப் பச்சை என் வலைக் கயிறு" என்றான் சிலுவை. "முதுகுக்கு நேரா வர்ற எடத்துல போட்டுருக்கேன். இழுத்துப் பாத்துட்டேன், அறாது."

"நீலம் எங்க கிணத்துக் கயிறு" என்றாள் ஒருத்தி.

அன்று நன்றாகத் தூங்கினார். விழித்தபோது கண்ணோரம் ஈரமாக இருந்தது. இத்தனை நல்லவர்கள் தலையில் போய் நம்மைக் கட்டுவதா என்று நினைத்தார். அந்த நினைப்பு அவரை விடவேயில்லை.

அடுத்த வியாழக்கிழமை சாமான் எல்லாம் இறங்கி முடிந்ததும், பெட்டியைக் கொண்டுவந்து வள்ளத்தில் வைத்தார்.

மிக்கேலம்மாள் பார்த்தாள். "பெட்டியோட எங்கண்ணே?"

அவர் துண்டுக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்தார். கை ஆடியது.

"இனி நிக்காதாம். கொஞ்ச நாள்ல காலும் போயிருமாம். சோறுகூட யாராவது ஊட்டணும்."

"அதுக்கு?"

"அதுக்கா? நீங்க கத்துக்குடுத்ததுதானம்மா. நான் வந்தன்னைக்கு என் பெட்டிக்குக் கேட்டீங்க. செருப்புக்குக் கேட்டீங்க. மூக்குக்கண்ணாடிக்குக்கூடக் கேட்டீங்க. எனக்கு மட்டும் கேக்கல. கேட்டிருந்தா அந்த மெத்தை மாதிரி நானும் அன்னைக்கே திரும்பிப் போயிருப்பேன்."

மிக்கேலம்மாள் சேலையைத் தூக்கிச் செருகினாள். முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய், வள்ளத்திலிருந்து பெட்டியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். கரைக்கு வந்து மணலில் இறக்கினாள்.

"கேட்டேன்ணே. வேற சாமானைத் தூக்குறதுக்கு முன்னாடியே உங்களுக்குத்தான் கேட்டேன். நீங்க துண்டைப் போத்திப் படுத்திருந்தீங்க."

ரத்தினசாமி அவள் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா? அப்ப யாரு என்ன சொன்னாங்க? என் காதுல ஒண்ணும் விழலியே. யாரோ வள்ளத்தக் கரையேத்துற சத்தம்தான் கேட்டுச்சு."

தொம்மை அன்றைக்குப் போலவே சிரித்தான்.

மிக்கேலம்மாள் அவருடைய ஆடுகிற கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு யாரும் வள்ளத்தக் கரையேத்தலண்ணே. முப்பத்தொரு வீடும் சேந்து 'எனக்கு'ன்னு சொன்ன சத்தம் அது."