பதிவாகிவிட்டது, நன்றி

பெர்சிஸிடம் நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வந்தபோது சுடலைமுத்துவுக்கு நாற்பது தாண்டியிருந்தது. கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தியவர். அந்த வேலை போனபின், நாகர்கோவிலில் அவள் நடத்திய சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்திருந்தார். அவரைவிட அவள் பத்து வயது இளையவள். அவர் அவளை மேடம் என்பார், அவள் அவரை சார் என்பாள். யார் குரு என்பதில் மட்டும் இருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

கடலுக்குப் போன வள்ளம் திரும்பாவிட்டால் வீட்டிலிருப்பவர்கள் செல்போன் வழியாகத் தகவல் கொடுக்கலாம். அது மீட்புக்குழுவுக்குப் போய்ச் சேரும். அந்தச் சேவையைப் பெர்சிஸின் நிறுவனம்தான் செய்துகொடுத்தது. தகவல் கொடுத்தவருக்கு என்ன பதில் போக வேண்டும் என்று அமைப்பது சுடலைமுத்துவின் வேலை.

இணையம் வழியாகக் கணினிகளை வாடகைக்கு விடும் கிளவுட் நிறுவனம் தந்திருந்த ஆயத்த நிரல்களை வைத்துக்கொண்டு அதற்குச் சில வரிகள் எழுதினால் போதும். வேலை ஒழுங்காக முடிந்தால் கணினி இருநூறு என்ற எண்ணைத் தரும். உள்ளே பழுதென்றால் ஐநூறு. ஒவ்வொன்றுக்கும் என்ன வாசகம் போக வேண்டும் என்று தனித்தனியே எழுதிவைக்க வேண்டும்.

சுடலைமுத்து இருநூறுக்கு மட்டும் எழுதினார். உள்ளே என்ன ஆனாலும் அந்த ஒரு பதிலே போகும்படி விட்டார். 'உங்கள் தகவல் பதிவாகிவிட்டது. நன்றி.' ஏற்கெனவே பயந்துபோயிருக்கிற மனுஷர்களிடம் பழுது என்று சொல்லி இன்னும் பயமுறுத்துவானேன் என்று நினைத்தார். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தார்.

ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம் ஜெனோவா என்ற பெண் தகவல் கொடுத்தாள். புருஷனும் அவன் தம்பியும் போன வள்ளம் வரவில்லை. தகவல்களைச் சேமிக்கும் கணினியோ அன்று மத்தியானமே நின்றுபோயிருந்தது. மீட்புக்குழுவுக்கு ஒன்றும் போகவில்லை. ஜெனோவாவுக்கு மட்டும் உடனே பதில் வந்தது. பதிவாகிவிட்டது. நன்றி.

அந்தப் பதிலை நம்பி ஜெனோவா வேறு யாரையும் கூப்பிடாமல் இரவெல்லாம் காத்திருந்தாள். கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்த புருஷனை மறுநாள் வேறு ஊர்க்காரர்கள் தூக்கி வந்தார்கள். தம்பி விடியும்வரை பிடித்துக்கொண்டு இருந்தானாம். அதற்குமேல் அவனால் முடியவில்லை.

உடல் கரையொதுங்கி, அடக்கமும் முடிந்தபின் ஜெனோவா அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. போனை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நீட்டிப் பிடித்தாள்.

"எனக்கு நன்றி சொன்னது இதுல யாரு?"

சுடலைமுத்து தன் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெர்சிஸ் எழுந்து நின்று, தப்பு எங்களுடையதுதான் என்றாள். ஜெனோவா தரையில் காறித் துப்பிவிட்டு இறங்கிப் போனாள்.

சுடலைமுத்துவுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. எங்களுடையது என்றால் யாருடையது? நின்றுபோனது அவர் எழுதிய நிரலா? நேராகப் பெர்சிஸின் அறைக்குப் போனார். கதவைத் தள்ளிய வேகத்தில் அது சுவரில் மோதித் திரும்பியது.

சேமிக்கும் கணினியைப் பார்த்துக்கொள்வது வேறு ஆட்கள், நின்றுபோனது அவர்கள் பக்கம், அதற்கு என்னை ஏன் நாலு பேர் முன்னால் சேர்த்துச் சொன்னீர்கள் என்று கேட்டார். சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும் என்றார்.

பெர்சிஸ் தலை நிமிரவில்லை.

"உங்கள் தகவல் பதிவாகிவிட்டது. நன்றி," என்றாள்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்தது. நான் செய்தது நல்ல எண்ணத்தில் செய்தது, பயந்தவளுக்கு ஆறுதல் சொல்வது குற்றமா என்று கேட்டார்.

"உங்கள் தகவல் பதிவாகிவிட்டது. நன்றி."

"கேலி பண்றீங்களா மேடம்?"

அதே பதில். அதே குரல். கோபம்கூட இல்லாத குரல். அதுதான் அவரை அதிகம் சுட்டது. வேலையை விட்டுப் போகிறேன் என்றார். அதுவும் பதிவாகிவிட்டது. தன் வயதுக்காவது மரியாதை வேண்டாமா என்று கத்தினார். அதற்கும் நன்றி வந்தது. வெளியே இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

சுடலைமுத்து மேசையை ஓங்கி அறைந்தார்.

"சுவரோட பேசுற மாதிரி இருக்கு. திரும்பப் பெற முடியும்னா முடியும்னு சொல்லுங்க. முடியாதுன்னா முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லித் தொலைங்க. நான் என்னன்னு எடுத்துக்கிட?"

பெர்சிஸ் அப்போதுதான் நிமிர்ந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. இத்தனை நேரமும் அவள் அடக்கிவைத்திருந்தது அவருடையதைவிடப் பெரிய கோபம் என்று அவருக்குத் தெரிந்தது.

"முடியாது," என்றாள்.

சுடலைமுத்து மூச்சு வாங்க நின்றார்.

"இப்ப என்ன செய்வீங்க சார்?"

"வேற ஆளைப் பாப்பேன். வேற வழியத் தேடுவேன். சும்மாவா இருப்பேன்?"

சொல்லி முடிக்கும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

"அன்னைக்குக் கரை நெறைய வள்ளம் கெடந்துச்சு சார்," என்றாள் பெர்சிஸ். "ஆளும் இருந்தாங்க."