மடத்து வாசலில் மூன்று குரல்

"நாளைக்கு என்னம்மா செய்ய?"

கொம்பையா இதைக் கேட்காத நாள் கிடையாது. விடிந்ததும் குலுக்கையைத் தட்டிப் பார்ப்பார். ஆள் உயரத்துக்கு மண்ணால் செய்த தானியக் குலுக்கை. உள்ளே அரிசி இருந்தால் தொப்பென்று சத்தம் வரும். இல்லாவிட்டால் டங்கென்று வரும். இப்போதெல்லாம் கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் டங்குதான்.

அம்மா மம்பட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு இருக்குல்ல?"

"இன்னைக்கு இருக்கு."

"அப்ப இன்னைக்குப் பொங்குங்கண்ணே."

இதெல்லாம் ஒரு பதிலா? கொம்பையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்னு சொல்லுதீக. ஊத்தலேன்னா மரம் என்னம்மா செய்யும்?"

"மரமா நிக்கும்."

அம்மா மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். கண்மாய் மடையில் மண் அடைத்துக் கிடக்கிறதாம். அதை அள்ளப் போகிறாராம்.

"சொட்டுத் தண்ணி இல்லாத கண்மாய்க்கு மடை எதுக்கும்மா?"

"தண்ணி வந்தப்புறம் உள்ள எறங்கி வெட்ட முடியாதுல்ல. மத்தியானம் நீங்க கூப்பிட்டதும் வந்துருதேன்."

போய்விட்டார்.

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தாறு. சீடருக்குக் குரு அம்மா, குருவுக்குச் சீடர் அண்ணன். அந்த மடத்து முறை அது. கேட்டவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

மடம், மலைமேல் இருக்கிற முருகனுக்கு நடந்து போகிற பாதையில் இருந்தது. பெரிய மடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கூடம், ஒரு அடுப்படி, ஒரு வாசல், அவ்வளவுதான். அங்கேயே கிடக்கிற ஜீவன்கள் ஆறு. வயசாளிகள் நாலு பேர், அம்மா, கொம்பையா.

விதி என்று ஒன்றே ஒன்றுதான். மத்தியானம் சோறு இறக்கியதும் வாசலில் நின்று மூன்று முறை கூப்பிட வேண்டும். "பசிச்ச சனம் யாராச்சும் உண்டா?" வந்தவர்கள் சாப்பிட்ட பிறகுதான் மடத்துக்காரர்களுக்கு இலை.

அந்த வேலைக்குக் கொம்பையாவைப் போல ஒரு ஆள் வாய்க்காது. முப்பது வருசம் பஸ் ஸ்டாண்டில் நின்று ஊர்ப்பேர் சொல்லி ஆள் ஏற்றிய தொண்டை. மழை பெய்த வருசத்தில் அவர் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் கண்மாய்க்கு அந்தப் பக்கம் மேய்கிற ஆடு தலை தூக்கும். பாதையில் போகிறவன் பசிக்காவிட்டாலும் திரும்பி வருவான். நாற்பது, ஐம்பது என்று இலை விழும். கொம்பையாவுக்கு மீசை தானாக முறுக்கிக்கொள்ளும்.

பிறகு இரண்டு வருசம் வானம் பொய்த்தது. மடத்துக்குத் தானமாக அரிசி மூட்டை இறக்குகிறவர்கள் வருவது நின்றது. குலுக்கை டங்கென்றது.

குரல் ஒரே நாளில் இறங்கிவிடவில்லை. முதலில் தொண்டை கட்டியது மாதிரி ஆனது. அப்புறம் வாசல்படிக்கு வெளியே நின்றவர் உள்ளே நின்று கூப்பிட்டார். அப்புறம் நிலைக்கதவைப் பார்த்துக் கூப்பிட்டார். கடைசியில் கதவுக்கும் கேட்டிருக்குமா என்று சந்தேகம்தான்.

ஆனால் மூன்று முறை கூப்பிட்டார். விதி விதிதானே.

கெட்ட மனுசன் இல்லை அவர். கண் தெரியாத சிட்டுத் தாத்தா இலையில் சோற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "கொம்பையா, இன்னைக்குக் கொஞ்சம் கம்மியோ?" என்று ஒரு நாள் கேட்டார். அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. இந்த ஆறு வயிற்றையாவது காப்பாற்றிவிட வேண்டும். ஊர் வயிற்றை முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்று மத்தியானமும் நிலைக்கதவிடம் மூன்று முறை கேட்டார். யாரும் வரவில்லை. அம்மாவும் வரவில்லை.

அம்மாவின் பங்கைத் தட்டு போட்டு மூடி வைத்தார். பொழுது சாயத்தான் அம்மா வந்தார். செம்பு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாளும் அப்படியே ஆனது.

விரதம் போலிருக்கிறது என்று கொம்பையா நினைத்தார். சரிதான், அம்மாவுக்கும் பயம் வந்துவிட்டது, ஒரு வயிற்றைக் குறைக்கிறார். அப்படி நினைத்ததும் மனசு கொஞ்சம் லேசானது. லேசானதை நினைத்து உடனே வெட்கமாகவும் இருந்தது. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. குலுக்கையை மூன்று தடவை போய்த் தட்டினார்.

மூன்றாம் நாள் பொறுக்கவில்லை. சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்கு நடந்தார்.

அம்மா மடைக்குள் இடுப்பளவு பள்ளத்தில் நின்றிருந்தார். இரண்டு வெட்டுக்கு ஒரு தடவை மம்பட்டியை ஊன்றி மூச்சு வாங்கினார்.

"விரதமாம்மா?"

"இல்லையே."

"பின்ன ஏன் மூணு நாளா சாப்பிட வரலை?"

"நீங்க கூப்பிடலையே."

கொம்பையா தட்டை நீட்டினார்.

"கூப்பிட்டேன்மா. மூணு தடவை."

"எனக்குக் கேக்கலைண்ணே."

அவர் தட்டைக் கரையில் வைத்தார். அம்மா அதைத் தொடவில்லை.

"முந்தாநாள் ஒரு பிள்ளை கைக்குழந்தையோட வந்து இந்தா இந்தக் கல்லுல உக்காந்துச்சு. மலைக்குப் போற பாதையில ஒரு மடம் இருக்காம், கூப்பிட்டுச் சோறு போடுவாகளாம்னு சொல்லுச்சு. வா, நான் கூட்டிட்டுப் போறேன்னேன். வரலை."

"ஏன்?"

"கூப்பிட்டா வாரேன்னுச்சு. கூப்பிடாத வாசல்ல போய் நின்னு பழக்கமில்லையாம்."

"அப்புறம்?"

"நானும் அதுவும் காத்திருந்தோம். பொழுது எறங்கவும் எந்திச்சுப் போயிருச்சு."

"எந்தப் பக்கம்மா?"

அம்மா கிழக்கே கையைக் காட்டினார். அங்கே வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை.

கொம்பையா கண்ணுக்கு மேலே கையை வைத்துத் தேடினார்.

"மழை பேஞ்ச வருசம் அம்புட்டுச் சத்தமாக் கூப்பிட்டீகளே," என்றார் அம்மா. "எத்தனை பேரு வருவாகன்னு தெரிஞ்சா கூப்பிட்டீக?"

"இல்லம்மா."

"பயமா இருக்கலையா?"

"இல்லை."

"ஏன்?"

"குலுக்கை நெறைய இருந்துச்சு."

அம்மா மறுபடி மண்ணை வெட்டத் தொடங்கினார்.

கொம்பையா மடத்து வாசலுக்குக்கூடப் போகவில்லை. அங்கேயே கரைமேல் ஏறினார். கிழக்கே பார்த்து நின்று, வயிற்றிலிருந்து குரலை எடுத்தார்.

"பசிச்ச சனம் யாராச்சும் உண்டா?"

முதல் குரல் உடைந்துவிட்டது. இரண்டாவது கருவேலங்காட்டைத் தாண்டியது. மூன்றாவதில் அவருக்கு அழுகையும் கலந்து வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"உண்டு," என்றது ஒரு குரல்.

பள்ளத்திலிருந்து அம்மா ஏறி வந்துகொண்டிருந்தார்.

அப்புறம் கருவேலங்காட்டிலிருந்து இரண்டு ஆட்டுக்காரர்கள் வந்தார்கள். விறகு பொறுக்கிய ஒரு அம்மாள் வந்தாள். பாதையில் நடந்துகொண்டிருந்த ஒரு குடும்பம், பிள்ளைகளோடு ஐந்து பேர், திரும்பி வந்தது. கிழக்கேயிருந்து யாரும் வரவில்லை.

மடத்துக்கு வந்ததும் கொம்பையா குலுக்கைக்குள் தலையை விட்டார். நாளைக்கு என்று அடியில் கிடந்த அரிசியைச் சுரண்டி எடுத்தார். ஒரு மணிகூட மிச்சம் வைக்காமல் உலையில் போட்டுவிட்டார். இலைக்குக் கொஞ்சம் கொஞ்சம்தான் வந்தது. ஆனால் எல்லா இலைக்கும் வந்தது. அம்மா ஆட்டுக்காரர்களுக்குப் பக்கத்தில் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

எல்லாரும் கை கழுவுகிற நேரத்தில் தலையில் ஒரு சிறு மூட்டையோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார். வேட்டியெல்லாம் புழுதி.

"சாப்பிட வரலைங்க. கெணத்துத் தண்ணியில கொஞ்சம் கம்பு போட்டிருந்தேன். மடத்துச் சோறு எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கேன், வெளைஞ்சதுல ரெண்டு படி குடுக்கணும்னு நெனப்பு. முந்தாநாள் கண்மாய்க்கரை வரைக்கும் கொண்டாந்தேன். உச்சிப்பொழுது தாண்டியும் குரலையே காணோம். சரி, மடத்தைப் பூட்டிட்டாக போலன்னு திரும்பிட்டேன். இன்னைக்குச் சந்தையில வித்துரலாம்னு போனா, பாதி வழியில உங்க சத்தம் கேட்டுச்சு."

கொம்பையா மூட்டையை வாங்கிக்கொண்டார். கனமே இல்லை. ஆனாலும் அதை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

கம்பு கொண்டுவந்தவர் போன பிறகு கொம்பையா கேட்டார்.

"முந்தாநாள் இவரு வந்து திரும்புனதை நீங்க பாத்தீகளாம்மா?"

"பாத்தேன்."

"சொல்லியிருக்கலாமே."

"கூப்பிடுறது உங்க வேலையாச்சேண்ணே."

அம்மா மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். படி இறங்கியவர் நின்று திரும்பினார். முகத்தில் லேசாகச் சிரிப்பு இருந்தது.

"நாளைக்கு என்னண்ணே செய்ய?"

கொம்பையா மடியில் கிடந்த கம்பு மூட்டையைப் பார்க்கவில்லை. குலுக்கையையும் பார்க்கவில்லை. கிழக்கே போகிற பாதையைப் பார்த்தார்.

"கூப்பிடணும்மா."