வளையைத் திறந்து காட்டிய முள்ளம்பன்றி

ஒரு காட்டில் மல்லாட்டை என்று ஓர் அணில் இருந்தது. மல்லாட்டை என்றால் வேர்க்கடலைதான், குழந்தைகளே. பிறந்தபோது அந்த அளவுதான் இருந்ததாம். அம்மா அணில் செல்லமாக அப்படிக் கூப்பிட்டது, அதுவே பேராகிவிட்டது.

மல்லாட்டைக்கு ஒரே ஆசை. வைத்தியத் துணையாக வேண்டும். வைத்தியர் மருந்து வைக்கும்போது காலை அசையாமல் பிடித்துக்கொள்வது, புண்ணைக் கழுவுவது, பச்சிலை அரைப்பது, நடுங்கும் குட்டிகளைச் சமாதானப்படுத்துவது, இதெல்லாம்தான் அந்த வேலை. சும்மா பார்க்கிறவர்களுக்கு அது சின்ன வேலை. முள் குத்தி அலறுகிறவர்களைக் கேட்டால் தெரியும்.

ஆசைப்பட்டால் போதுமா? படிக்கக் கட்டணம் வேண்டுமே. அம்மாவும் மகளும் கோடை முழுக்க ஓடி ஓடி மருதமரப் பொந்தில் சேர்த்த கொட்டைகள்தான் அவர்கள் சொத்து. மழைக்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது. கொட்டைகளைத் தப்பான இடத்தில் கொட்டிவிட்டால், மழை விடும்வரை இரண்டு பேரும் பட்டினிதான்.

அந்தக் காட்டில் கற்றுக்கொடுக்கும் இடம் இரண்டு இருந்தது. ஒன்று, ஆலமரத்தடியில் கரடி வைத்தியச்சியின் இடம். கரடி பாதிப் பொந்து கொட்டை கேட்டது. இரண்டு மழைக்காலம் கூடவே இருந்து படிக்க வேண்டும் என்றது. அப்புறம் என்ன கிடைக்கும் என்று மல்லாட்டை கேட்டதற்கு, "நோயாளி கொடுப்பதில் பங்கு" என்று சொல்லிவிட்டு, ஓர் எருமையின் காதில் மருந்து போடப் போய்விட்டது. கரடிக்கு அவ்வளவுதான் பேசத் தெரியும்.

நரிக்கு அந்தக் குறை கிடையாது. பாறைமேல் பள்ளி வைத்திருந்த நரி, முழுப் பொந்தையும் கேட்டது. ஆனால் ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் நடுவில் படிப்பு முடிந்துவிடுமாம். காதில் செருகிக்கொள்ள மயிலிறகு தருவார்களாம். எந்தக் காட்டில் கேட்டாலும் வேலையாம். "ஒரே ஓர் இடம்தான் மிச்சம் இருக்கிறது, நாளைக்குள் வந்துவிடு" என்றும் சொன்னது. அந்த ஓர் இடம் போன வருஷமும் மிச்சம் இருந்தது, அது வேறு கதை.

அம்மா அணில் அதைக் கேட்டு மயங்கிவிட்டது. பாவம், பிள்ளைப் பாசம். "ஒரு மாதம்தானே கண்ணு. நீ வேலைக்குப் போய்விட்டால் மழைக்கு முன்னால் பொந்து நிரம்பிவிடும்" என்றது.

நரியிடம் படித்தவர் யாரையாவது கேட்டுப் பார்க்கலாம் என்று மல்லாட்டைக்குத் தோன்றியது. நேராகக் குளத்தங்கரைக்குப் போனது. அங்கே ஒரு குரங்கு, காதில் மயிலிறகோடு, தண்ணீர் குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் நரியின் பள்ளியைப் புகழ்ந்துகொண்டிருந்தது. தானே அங்கே படித்துத் தேறியதாகவும் சொன்னது. புகழ்ச்சி பலமாகத்தான் இருந்தது. ஆனால் குரங்கு ஒரு காலைத் தூக்கிக்கொண்டே நின்றது.

காலில் என்ன என்று மல்லாட்டை கேட்டது. குரங்கு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கருவேல முள் என்று முனகியது. வைத்தியம் படித்தவர் தாமே எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டதும் அதற்கு முகம் தொங்கிப்போனது. நரியிடம் சொல்லிவிடாதே என்று கெஞ்சி, நொண்டிக்கொண்டே ஆலமரத்தடிக்கு நடந்தது. மல்லாட்டையும் கூடவே போனது.

அங்கே கரடிக்குத் துணையாக இருந்தது ஒரு முள்ளம்பன்றி. முன்பு அதே கரடியிடம் படித்தது. முள் எடுக்க முள்ளம்பன்றியா என்று குரங்கு வெலவெலத்துப் போனது. முள்ளம்பன்றி தன் முள்ளையெல்லாம் படிய மடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தது. உன் வாலை நீயே கடித்துக்கொள், கத்த வராது என்றது. குரங்கு வாலைக் கடித்து முடிப்பதற்குள் முள் வெளியே வந்துவிட்டது.

கால் வலி போனதும் குரங்குக்கு மனசு இளகியது. அந்த நேரம் பார்த்து மல்லாட்டை மெதுவாகக் கேட்டது: "அண்ணே, நரியிடம் படித்து முடித்ததும் உங்களுக்கு என்ன வேலை கிடைத்தது?"

"இதே வேலைதான் அம்மா. உன்னை மாதிரி ஆள் பிடிக்கிற வேலை."

"உங்களோடு படித்தவர்களுக்கு?"

"அவர்கள் வேறு வேறு குளத்தங்கரையில் ஆள் பிடிக்கிறார்கள்."

மல்லாட்டைக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அம்மா சேர்த்த கொட்டைகள் நூலிழையில் தப்பியிருந்தன. ஆனாலும் அது அவசரப்படவில்லை. நரி பொய் என்பதால் கரடி மெய் என்றாகிவிடுமா? படித்து முடித்ததும் என்ன கிடைத்தது என்று முள்ளம்பன்றியிடமும் கேட்டது.

"சொன்னால் நம்பாதே, வந்து பார்" என்று முள்ளம்பன்றி தன் வளைக்கு அழைத்துப் போனது. உள்ளே கொஞ்சம் கிழங்கு, நல்ல உலர்ந்த புல், யாரோ ஒரு கரடிக்குட்டி கொடுத்த தேனடைத் துண்டு. அவ்வளவுதான். முதலில் அந்தத் தேனடையில் பாதியைப் பிட்டு மல்லாட்டையின் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேசியது.

"நான் கொடுத்த கட்டணத்தைத் திரும்பச் சேர்க்கவே, படிப்பு முடிந்து ஒரு கோடை பிடித்தது. எருமை உதைக்கும். பன்றி கடிக்கும். பணக்காரனாக மாட்டாய். ஆனால் நான் பசியோடு படுத்ததில்லை. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது."

மல்லாட்டை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னது. உதையையும் கடியையும்கூட மறைக்கவில்லை. அம்மா அணில் பொந்துக்குள் இருந்ததை எண்ணிப் பார்த்தது. பிறகு கொட்டைகளை இரண்டு குவியலாகப் பிரித்தது. "இது உன் படிப்புக்கு. இதை வைத்து நாம் அரை வயிறாவது சாப்பிட்டுக்கொள்ளலாம். போய்ச் சேர்ந்துவிடு" என்றது.

இரண்டு மழைக்காலமும் அரை வயிறுதான். மல்லாட்டை எருமையிடம் ஓர் உதையும் வாங்கியது. ஆனால் படித்து முடித்தது. பயந்த குட்டிகளெல்லாம் மல்லாட்டை அக்கா வந்தால்தான் வாயைத் திறப்போம் என்று அடம்பிடித்தன.

அதற்கடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் குரங்கு மருதமரத்தடிக்கு வந்து நின்றது. கையில் மயிலிறகு கசங்கியிருந்தது. கரடியிடம் சேரலாம் என்று பார்க்கிறேன், கொடுப்பதற்குத் தக்க பலன் உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்டது.

மல்லாட்டை பொந்தைத் திறந்து காட்டியது. பொந்து முக்கால்வாசிதான் நிரம்பியிருந்தது. உள்ளேயிருந்து அம்மா அணில் எட்டிப் பார்த்து, "மழையில் நிற்காதே தம்பி, ஏறி வா. முதலில் சாப்பிடு" என்றது.

குரங்கு வயிறு நிறையச் சாப்பிட்டது. மழை விட்டதும் மயிலிறகை அங்கேயே போட்டுவிட்டு, ஆலமரத்தைப் பார்த்து நடந்தது.

நீதி: படிப்பின் விலையைக் கற்றுத் தருகிறவரிடம் கேள்; அதன் பலனைக் கற்று முடித்தவரிடம் கேள்.